கடைசி வரிசைப் பெண் சொன்னது

யசோதினிக்கு ஏழு வயதில், யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து காது கேளாமல் போனது. லண்டனுக்கு வந்த பிறகு ஆட்களின் உதட்டைப் பார்த்தே தமிழையும் ஆங்கிலத்தையும் விளங்கிக்கொண்டாள். இருபத்தாறு வயதில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. ஐந்து நாளும் ஈரத் துணி இழுத்துத் தோள் மரத்துவிடும். சனிக்கிழமைகளில் படுத்தே கிடப்பாள்.

2006இல் அந்தச் சனிக்கிழமைகளும் போயின. பழைய படங்களைப் பாதுகாக்கும் நிலையம் ஒன்று உதடு வாசிக்கிற ஆளைத் தேடியது; யசோதினி போனாள். சினிமா பேசத் தொடங்கிய புதிதில் இங்கிலாந்தில் எடுத்த படம்; ஆட்டமும் பாட்டும் பகிடியுமாக ஓடும். ஒலியைத் தனியாக இசைத்தட்டுகளில் பதிந்திருந்தார்கள். தட்டுகள் தொலைந்து, படம் மட்டும் ஊமையாய் மிஞ்சியிருந்தது. பேச்சைக் கண்டுபிடித்துத் திரையில் எழுத்தாகப் போடவேண்டும்.

நாலு சனிக்கிழமைகளாகத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எழுதினாள். கதாநாயகனின் பகிடிகளுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் எரிந்தது. ஐந்தாம் சனிக்கிழமை, இருபது பெண்கள் ஆடும் காட்சியில், கடைசி வரிசையில் ஓரமாக நின்றவளின் உதடு மற்றவர்கள் பாடும் பாட்டோடு ஒட்டாமல் அசைவதைக் கண்டாள். பல் தெரியச் சிரித்தபடியே பக்கத்திலிருந்தவளிடம் அவள் சொன்னாள்: "இனி என்னால் முடியாது. கால் சப்பாத்துக்குள்ளே இரத்தம்."

யசோதினி அதையும் எழுதிக் கொடுத்தாள். பொறுப்பாளர் ஆலன் தயங்கினார். சத்தமில்லாமல் சொன்னது தட்டில்கூடப் பதிந்திருக்காது, அதை வசனத்தில் சேர்க்க முடியாது என்றார்.

"அவள் சொன்னாள். நான் பார்த்தேன்," என்றாள் யசோதினி.

ஆலன் அந்த வரியையும் சேர்க்கச் சம்மதித்தார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் படத்தைக் காட்டினார்கள். அலுவலகங்களில் கிளீனிங் வேலை செய்யும் தாய் யோகமலரையும் அவள் கூட்டிப் போனாள். அந்த வரி வந்ததும் முன்னால் இருந்தவர்களின் தோள்கள் குலுங்கின. அதையும் பகிடி என்றே எடுத்துவிட்டார்கள். யசோதினிக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அதற்கும் தெம்பில்லை.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத யோகமலர், மகள் தன் உதட்டைப் பார்க்கட்டும் என்று முகத்தைத் திரை வெளிச்சத்துக்குத் திருப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். யசோதினி சொன்னாள். தாய் மறுபடியும் கேட்டாள்:

"பிறகும் ஆடினவளோ?"

"ஓம் அம்மா. பாட்டு முடியும்வரைக்கும்."



திரும்பும்போது மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் இருக்க இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் இருவரும் நித்திரையாகிவிட்டார்கள். கண் விழித்தபோது அவர்கள் இறங்கவேண்டிய ஹரோ தாண்டி மூன்று ஸ்டேஷன் வந்திருந்தது. இறங்கி, எதிர்ப் பக்கத்து பிளாட்ஃபாரத்து பெஞ்சில் போய் இருந்தார்கள்.