‘இதர’ என்றொரு ஓட்டை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கொல்லிமலையில் கிராம சேவகனாக இருந்தேன். எங்கள் அலுவலகம் அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கம். ஒரு கோடையில் மேலதிகாரி பெட்டி பெட்டியாக அட்டைகளோடு வந்து இறங்கினார்.

குடும்பத்துக்கு ஓர் அட்டை. அதன் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள், பயிருக்கு ஒன்று. ஒருவர் நெல் போட்டால் நெல் ஓட்டையின் விளிம்பைக் கத்தரித்துவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, அந்த ஓட்டையில் கம்பியைக் கோத்துத் தூக்கினால் நெல் போட்டவர்களின் அட்டைகள் மட்டும் கீழே விழும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதில் அச்சாகியிருந்ததெல்லாம் நெல், பருத்தி, கடலை, கரும்பு.

“மிளகுக்கு ஓட்டை இல்லீங்களே ஐயா. பலா, சாமை எதுக்குமே இல்லீங்க.”

“‘இதர’ன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுல வெட்டு.”

“பின்னாடியாச்சும் எழுதி வெச்சுக்கறனுங்க.”

“அட்டையில கிறுக்கக் கூடாதுய்யா!”

மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தனியாளாக நிலம் பார்த்துவந்த ஓர் அம்மாள் என்னை மரம் மரமாகக் கூட்டிப்போய்த் தன் மிளகுக் கொடிகளைக் காட்டினார். அத்தனைக்கும் சேர்த்து நான் போட்டது ஒரே வெட்டு.

மழை பிடித்ததும் லாரியில் மிளகுக் கன்றுகள் வந்தன. ஏற்கெனவே மிளகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லி உத்தரவு.

“கம்பியக் கோத்துத் தூக்கு. ரெண்டு நிமிஷத்துல ஆள் தெரிஞ்சிரும்” என்றார் அதிகாரி.

‘இதர’வில் கோத்துத் தூக்கினேன். ஒன்றுகூடக் கம்பியில் நிற்கவில்லை. மிளகு, பலா, சாமை எல்லாம் கலந்து மொத்த மலையும் மேசைமேல் கொட்டிக் கிடந்தது.

“நீ வெட்டுனது சரியில்ல” என்றார்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். பழைய கேள்வியையே வாசல் வாசலாகக் கேட்டேன்.

அந்த அம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏனுங்க, அன்னைக்கு அத்தனை கொடியும் காட்டுனனே. அதையெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “எங்க ஆபீஸ் அட்டையில எடம் இல்லீங்க” என்றேன்.

“இத்தனூண்டு சேதிக்கா எடமில்ல?”

நான் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு இறங்கியபோது கன்றுகளில் பாதி வாடிக் கருகியிருந்தன. தேறியதைக் கட்டி மலைக்கு அனுப்பினேன். அந்த வாரமே அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்: அட்டை முறை நல்ல முறை, கிராம சேவகர்களுக்குத்தான் இன்னும் பயிற்சி வேண்டும்.