வெட்டி எடுத்த பேச்சு

அரியலூர் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே ரேடியோ இரைகிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. ஸ்ஸ்ஸ் என்று ஒரே இரைச்சல். அறுக்காமல் விட்ட மக்காச்சோளத் தட்டைக்குள் காற்று புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் அலைகிற மாதிரி. "அத மாத்துங்கண்ணே, காதுக்குள்ள எறும்பு ஓடுது" என்கிறார் கண்டக்டர். டிரைவர் ஒரு பட்டனை அமுக்குகிறார். சினிமாப் பாட்டு வந்துவிடுகிறது. பஸ்ஸில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், சுண்ணாம்புக்கல் லாரி வாரி இறைத்துவிட்டுப் போகிற புழுதிக்காக மூடுகிறேன், மறுபடி திறக்கிறேன். இப்போது அந்த இரைச்சல் இருக்கிற அலைவரிசையில்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் நாங்கள் இருந்தோம்.

நாங்கள் என்றால், பெரம்பலூருக்கு வெளியே ஒரு கல்லூரியின் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, அதற்குக் கீழே இரண்டு அறைகளில் நடந்த சின்ன ரேடியோ நிலையம். நாட்டுப்புறப் பாட்டுக்கென்றே தொடங்கியது. நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி. பாடுகிறவர்கள் யாரும் மேடை ஏறியவர்கள் இல்லை. எங்கள் கம்பத்துக்கு அவ்வளவாக எட்டாது. வாலிகண்டபுரம் தாண்டினால் குரல் கம்மும், இன்னும் கொஞ்சம் போனால் இல்லாமலே போகும். அரியலூர்க்காரர்களுக்கு நாங்கள் வெறும் கேள்விப்பட்ட விஷயம். ஆனால் கேட்டவர்கள் கேட்டார்கள். கொட்டகையில் சின்ன வெங்காயம் ஆய்கிற பெண்கள் செல்போனை வெங்காயக் குவியலில் சொருகி நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஒருநாள் காலை ஏழரை மணிக்குத் தெரியாத்தனமாக ஒப்பாரியைப் போட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் போன். "யோவ், இங்க பொண்ணு பாக்கக் கெளம்பி காரு ஸ்டார்ட்டு பண்ணி நிக்கிறோம். நீ மாரடிக்கிறியா? அப்படியே சங்கையும் ஊதிடு!" அதற்குப் பிறகு ஒப்பாரி மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்தான். அந்த நேரத்தில் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள் என்று நாங்களாக முடிவு செய்துகொண்டோம்.

அந்த நிலையத்தின் கதையை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். உட்கார்கிறேன். கம்பம் நட்ட நாள், முதல் பாட்டு என்று ஒழுங்காகத்தான் தொடங்குகிறேன். நாலு வரி தாண்டுவதற்குள், கடைசி வாரத்தில் எங்கள் படியேறி வந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றுவிடுகிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. செத்துப்போன தன் அம்மாவின் பேச்சு. பாட்டு இல்லை, பேச்சு.

அந்த அம்மாவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்தது திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்துத் தண்ணீர் பாய்கிற நெல்வயல். கட்டிக்கொண்டு போனது உடையார்பாளையத்துக்கு அந்தப் பக்கம், முந்திரிக்காடு. நடவே இல்லாத ஊருக்கு நடவுப் பாட்டோடு போனவர். "கொட்ட பொறுக்கறப்ப பாடுனா, பக்கத்துக் காட்டுக்காரி எந்த வூட்டுல எழவுன்னு கேக்கறா தம்பி" என்பார். இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார். கூடவே வீட்டுக்காரர், கையில் ஒயர் கூடை. பாட்டில் தனக்குப் பிடித்தம் இருப்பதாக அவர் காட்டிக்கொண்டதே இல்லை. "இது வாய மூடுனா நான் ஒரு மத்தியானமாவது தூங்குவேன். நீங்க வேற மைக்கு குடுக்கறீங்க" என்பார். ஆனால் ஒரு தடவைகூட அவரை விட்டுவிட்டு அந்த அம்மா வந்தது கிடையாது.

முதல் நாள் ரெக்கார்டிங் அறைக்குள் நுழைந்ததும் சுவரெல்லாம் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்தார். "என்ன தம்பி, கோழிப் பண்ணைக்குள்ள கொண்டாந்து வுட்டுட்டீங்க?"

"சத்தம் எதிரொலிக்காம இருக்கத்தாம்மா."

"அப்ப நான் முட்ட வைக்க வேணாம்?"

"வெச்சாலும் கத்திட்டுத்தான் வைக்கும் இது" என்றார் வீட்டுக்காரர்.

நடவுப் பாட்டு தனியாள் பாட்டு இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வரிசையில் குனிந்திருக்கிற மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். வாங்குவதற்கு ஆள் இல்லாத ஊரில் இத்தனை வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவர் வீட்டுக்காரர்தான். பாட மாட்டார். ஒவ்வொரு வரி முடிகிற இடத்திலும் 'ம்' என்பார். அவ்வளவுதான். அந்த 'ம்' கிடைத்தால்தான் அந்த அம்மாவுக்கு அடுத்த வரி வரும். அது ரெக்கார்டிங்கில் கனமாக வந்து விழுந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. "அய்யா, கொஞ்சம் வெளிய படியில உக்காருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த அம்மாவுக்குப் பாட்டு ஓடவில்லை. இரண்டு வரி பாடுவார், நிறுத்துவார். மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் காற்றுக்காகக் கதவை ஒருக்களித்து வைத்திருந்தோம். அந்த இடுக்கைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "இந்தாங்க, இருக்கீங்களா?"

படியிலிருந்து, "இருக்கேன், பாடு."

ஒரு வரி. மறுபடியும், "இந்தாங்க, இருக்கீங்களா?"

"எங்க போயிடப் போறேன்? பாடித் தொல."

"வெத்தல போடாதீங்க. பஸ்ஸுல கொமட்டும்."

"பாட்டுல வருதா இது?"

அந்த அம்மா சிரித்துவிட்டுப் பாடுவார். பிறகு வந்த ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிடப் போகிறவனுக்கு என்ன அவசரம்?

வெட்டுவதில் எனக்குக் கர்வம் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் குரல் பச்சையாய் மேடும் பள்ளமுமாக ஓடும். பாட்டு எங்கே எழுகிறது, இருமல் எங்கே அடங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். தண்ணீர் குடிக்கிற சத்தம், வளையல் சத்தம், கீழே கல்லூரி பஸ்ஸின் ஹாரன், "இது போதுமா தம்பி", எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். கவிதையில் வேண்டாத சொல்லை அடிக்கிற அதே திருப்தி. மெமரி கார்டு இரண்டுதான் இருந்தது. அதனால் சனிக்கிழமை தோறும், வெட்டாத மூலத்தை அழித்துவிட்டுக் கார்டை அடுத்த வாரத்துக்குக் காலியாக வைப்பது எங்கள் முறை. அந்த முறையை வகுத்தவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அவர்கள் ஊருக்கு எங்கள் ஒலி எட்டாது. ஒரே ஒரு தடவை, அந்த அம்மாவின் பாட்டு வருகிற நாளில் இருவரும் பஸ் ஏறி வந்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் கேட்டார்கள். கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார் அந்த அம்மா. "நான்தான் பாடுனனா தம்பி? மூச்சே வுடாம பாடறாளே அவ!" நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவர்கள் வருவது குறைந்தது, நின்றது. எங்களுக்கும் நின்றது. உரிமம் புதுப்பிக்கிற காகிதம் எந்த மேசையிலோ தங்கிவிட்டது. கல்லூரிக்கு அறைகள் தேவைப்பட்டன. யார் மேலும் கோபப்பட முடியாதபடி, அவ்வளவு மெதுவாக நின்றது. கடைசி வாரம் நான் ஒயர்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்து வாசலில் நின்றார். நாற்பது வயது இருக்காது. ஜெயங்கொண்டத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

"எங்கம்மா இங்க பாடிட்டுப் போகும் சார். சித்திரையில தவறிடுச்சு."

எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா போறதுக்கு முன்னாடியே படுத்துட்டாரு, நெனவு சரியில்ல. அம்மா செத்தத அவருக்கு ஏத்தவே முடியல. தண்ணி எடுக்கப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். 'கூப்புடவே மாட்டேங்கறாளே, கோவமா இருக்காளா'ன்னு கேக்கறாரு. அவ கூப்புட்டாத்தான் சாப்புடுவேன்னு வாய மூடிக்கிறாரு. நாலு நாளா வெறுந்தண்ணி சார்."

"பாட்டு போட்டுக் காட்டுனீங்களா?"

"போட்டேன். 'இது ரேடியோவுல பாடற பொம்பள. உங்கம்மா கொரல் எனக்குத் தெரியாதா'ங்கறாரு." அவர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "ரெக்கார்டு பண்றப்ப அம்மா 'இந்தாங்க, இருக்கீங்களா'ன்னு கூப்புட்டுட்டே இருந்துச்சாமே? அப்பாதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அது ஒண்ணு குடுங்க சார். போதும்."

சுற்றிக் கட்டிய ஒயரை மறுபடி பிரித்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த அம்மாவின் பெயரில் பத்தொன்பது பாட்டு இருந்தது. ஒவ்வொன்றும் முதல் எழுத்தில் தொடங்கி, கடைசி எழுத்தில் முடிந்தது. முன்னால் ஒரு மூச்சு இல்லை, பின்னால் ஒரு செருமல் இல்லை. இவ்வளவு நன்றாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை. கார்டுகளைத் தேடினேன். ஒன்றில் கல்லூரி ஆண்டு விழாப் பேச்சு. இன்னொன்றில் எதுவுமே இல்லை. அழித்ததை மீட்கிற ஒரு சாஃப்ட்வேரை ஓட்டினேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு, ஆண்டு விழாவின் இன்னொரு பேச்சைக் கொண்டுவந்து கொடுத்தது.

பதினொன்றாவது பாட்டின் கடைசியில் மட்டும் என் கை பிந்தியிருந்தது. வரி முடிந்து ஒரு நொடிகூட இல்லை. "...ங்களா" என்று ஒரு துணுக்கு.

"அம்மா சார்" என்றார் அந்தப் பெண். "இன்னொரு வாட்டி."

போட்டேன். இன்னொரு வாட்டி. நாலு வாட்டி. பிறகு அவர் அவசரமாகப் போனை எடுத்து, அப்பாவுக்குத் துணையாக விட்டு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். "அக்கா, போன அப்பா காதுல வைங்க. அம்மா பேசுதுன்னு சொல்லுங்க." ஸ்பீக்கரில் அங்கே ஒரு ஆடு கத்துவது கேட்டது. "பெரியப்பா, காதக் குடுங்க, பெரியம்மா பேசுது" என்று அந்த அக்கா கத்தினார். நான் சுட்டியை அழுத்தினேன்.

"...ங்களா."

இன்னொரு முறை அழுத்தினேன்.

"...ங்களா."

அப்போது பெரியவர் குரல் வந்தது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஆனால் அதே அதட்டல். "ஏய், லைனு கட்டாவுது. வெச்சுட்டு மறுபடியும் போடு."

"பெரியப்பா போன விட மாட்டேங்கறாரு, இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. மறுபடியும் வரும்னு காத்துட்டிருக்காரு. என்னடி பண்ணட்டும்?" என்றார் அக்கா.

"வெச்சிருக்கட்டும்க்கா. சோத்தப் பக்கத்துல வைங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பாட்டுகளுக்குள் போய் எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். ஒரு பாட்டில் 'இந்த' இருந்தது. ஒன்றில் 'இருக்கும்'. வெட்டி, ஒட்டி, அந்தத் துணுக்கைக் கடைசியில் வைத்துத் தைத்தேன். வெட்டுகிற கைக்கு ஒட்டவும் தெரியும் என்று ஒரு நினைப்பு. போட்டுக் காட்டினேன். பாதி பாட்டாக இழுத்து, பாதி பேச்சாக உடைந்து, நடுவில் தொண்டை மாறி, யாரோ ஒரு பொம்பளை வேறு யாரையோ கூப்பிட்டாள்.

அந்தப் பெண் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். "வேணாம் சார். இத அவரு கேட்டா பயந்துடுவாரு."

அழித்தேன். அதை அழிக்கும்போதும் என் விரலுக்குப் பழக்கம் மாறவில்லை, ஒரே தட்டு.

பத்தொன்பது பாட்டையும் அந்தத் துணுக்கையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது, அப்படியே விட்டுவிட்டார். ரோடு வரைக்கும் கூட நடந்தேன். நல்ல வெயில். ஏதாவது வண்டி பிடித்து நானே போய், அந்தப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டட்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போய் நான் யாரென்று சொல்வது? அரியலூர் பஸ் தூரத்தில் தெரிந்தது.

"நான்தான்மா வெட்டுனேன்" என்றேன். "எனக்கு அப்பப் பாட்டுதான் பெருசாத் தெரிஞ்சுது."

அவர் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினார்.

"நீங்க அதயே நெனச்சிட்டிருக்காதீங்க சார். அவருகிட்ட லைனு சரியில்லன்னே சொல்லிக்கிறேன். நீங்க வெட்டுனதச் சொல்ல மாட்டேன். அந்தத் தம்பிதான் இவள நல்லாப் பாட வெச்சாருன்னு ஊரு பூரா சொல்லிட்டிருந்தவரு அவரு."