போனுக்குத் தெரிந்த கை

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள், பொங்கலுக்கு வந்தபோது என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டுப் போனாள். அவள் ஆபீஸில் சோதித்துப் பார்க்கிறார்களாம். போனை எப்படிப் பிடிக்கிறோம், எவ்வளவு வேகமாக எழுத்தை அழுத்துகிறோம் என்று ஒரு வாரம் கவனித்து வைத்துக்கொள்ளும். பிறகு வேறு ஆள் தொட்டால் பூட்டிக்கொண்டு அவளுக்குத் தகவல் அனுப்பும். அழைப்பு வந்தால் எடுக்க மட்டும் விடும்.

"மொகத்தப் பாக்காதா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. கைய மட்டும்தான்."

தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுக்கும்போது பின்னால் வருகிறவள் யாரென்று திரும்பாமலே நடையில் தெரிந்துவிடும். அதுபோல போனுக்கும் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அந்த வாரம் போன் என் மதினி கையில்தான் இருந்தது. அண்ணன் மனைவி, பக்கத்து வீடு. எனக்குப் பேசவும் கூச்சம், எழுதவும் கூச்சம். மகளுக்குச் செய்தி அனுப்புவதென்றாலும் நான் சொல்லச் சொல்ல மதினிதான் அடிப்பார். மகளுக்குச் செம்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்ததும் அவர்தான். படம், ஜாதகம் எல்லாம் என் போனிலேயே போய் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் உறுதி செய்ய வருகிறார்கள். மகள், "உன் இஷ்டம்மா" என்று மட்டும் எழுதியிருந்தாள். அவள் அப்படி எழுதுகிறவள் இல்லை. பிடிக்காவிட்டால் வேண்டாமென்று சொல்லிவிடு என்று எழுத நினைத்தேன். அதை மதினியையே அடிக்கச் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை மதியம் மதினி எரியோட்டுக்குப் போயிருந்தார். நானே போனை எடுத்து ரெண்டு எழுத்து அழுத்தினேன். 'உரிமையாளர் நீங்கள்தானா?' என்று திரையில் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது.

மதினி எப்படி அடிப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். போனைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் படபடவென்று தட்டுவார். நடுவில் வளையலை மேலே தள்ளுவார். நான் மடியில் வைத்து, மொட்டுக் கிள்ளுவதுபோல ஒவ்வொன்றாக அழுத்துகிறவள். அவர் மாதிரியே பிடித்தேன். வளையலைக்கூடத் தள்ளினேன். போன் ஏற்றுக்கொண்டது. 'கண்ணு, உனக்கு' வரை வந்துவிட்டேன். அடுத்த வார்த்தையை யோசித்ததில் போன் தன்னால் மடிக்கு இறங்கிவிட்டது. பூட்டிக்கொண்டது.

உடனே மகள் கூப்பிட்டாள். "யாருங்க பேசுறது? எங்கம்மா போனு ஒங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"நாந்தான்டி."

"வேற ஆள்னு காட்டுதே."

"அது ஒங்க அத்தை கையப் பழகி வச்சிருக்கு."

அவள் சிரித்து முடிக்கச் செத்த நேரமானது. "அப்ப நீயா என்னம்மா எழுதப் போன?"

எழுதிவிடலாம் என்று வைத்திருந்ததை வாயால் சொல்ல வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பிடிக்கலைன்னா சொல்லிரு. நாளைக்கு வர வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்."

"அத்தைகிட்டயா? நீயா?"

"ஆமா."

"பிடிக்கலம்மா" என்றாள்.

போனை வைத்துவிட்டு, மதினி திரும்பி வரட்டுமென்று அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.