பெரம்பலூரிலிருந்தே போன மூன்று மெயில்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு படகைக் காப்பாற்றியாக வேண்டும். கடலே இல்லாத ஊரில் படகா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சொல்கிறேன்.

நான் கம்பெனி செக்ரட்டரி படிப்பு படித்தவள். சென்னையில் உள்ள ஓர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கோ தூரத்தில், நம்மூர் தாலுகா அளவுகூட இல்லாத ஒரு தீவு. அங்கே மனிதர்களைவிடக் கம்பெனிகள் அதிகம். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அங்கே கம்பெனி பதிவு செய்யலாம். ஆனால் உரிமையாளர் யார், டைரக்டர் யார் என்பதை அங்குள்ள ஏஜென்ட் ஆதாரத்தோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் அலுவலகம் அப்படி ஓர் ஏஜென்டின் கிளை. வருகிற ஆதாரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. நான் இதில் கொஞ்சம் கறார். திரையில் 'பென்டிங்' என்று சிவப்பில் தெரிந்தாலே எனக்கு இருப்புக் கொள்ளாது.

அந்த மாதம் சிவப்பில் நின்ற ஃபைல் ஒன்று, லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த ஒருவருடையது. வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பல வருடம் உழைத்தவர், கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் ஒரு படகை வாங்கி, அதைத் தீவுக் கம்பெனியின் பெயரில் வைத்திருந்தார். கம்பெனியில் அவர் ஒருவர்தான் எல்லாம். அப்படித் தனியாளாக இருப்பவர், தான் இறந்தால் பொறுப்பேற்க இன்னொருவரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ரிசர்வ் டைரக்டர் என்பார்கள். அவர் தன் மனைவியை எழுதி வைத்திருந்தார். எழுதி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மாரடைப்பில் போய்விட்டார்.

இனி அந்த அம்மாள்தான் டைரக்டர். ஆனால் அவர் யார் என்று நாங்கள் உறுதி செய்தால்தான் பதிவேட்டில் ஏறும். ஒரு நோட்டரி அவரை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும், இல்லையென்றால் எங்கள் சென்னை அலுவலகத்து ஆளிடம் வீடியோவில் பாஸ்போர்ட்டோடு முகம் காட்ட வேண்டும். நான் மெயில் போட்டேன். வளைகுடாவில் இருக்கும் அவருடைய தம்பியிடமிருந்து பதில் வந்தது: 'அக்கா இப்போது வெளியே வர முடியாத நிலை. தயவுசெய்து பொறுங்கள்.' வீடியோ அழைப்பும் மூன்று முறை துண்டிக்கப்பட்டது. நான் இரண்டாவது மெயில் போட்டேன். அடுத்து மூன்றாவது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சூடான ஆங்கிலம். ஃபைலில் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பும் எழுதினேன்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய முகவரியை முதல் நாளே நான் பார்த்தேன். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ். தெரிந்தும் மூச்சு விடவில்லை. உள்ளூர் ஆள் என்று தெரிந்தால் சிபாரிசு, அவசரம் என்று வாசலில் வந்து நிற்பார்கள் என்று பயம். மெயிலின் அடியில் சென்னை முகவரி இருந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை தீவிலிருந்து கடைசி அறிவிப்பு வந்தது. டைரக்டர் இல்லாத கம்பெனியைத் திங்கட்கிழமை பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கிவிட்டால் படகு அந்தத் தீவு அரசாங்கத்தின் கைக்குப் போய்விடும். மீட்க வேண்டுமானால் கடல் கடந்து கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். சனி, ஞாயிறு அங்கே விடுமுறை. ஆக, வெள்ளிக்கிழமைதான் கெடு. ஃபைலில் இருந்த நம்பருக்கு முதல் முறையாகப் போன் செய்தேன். பழக்க தோஷத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"யாருங்க? தமிழ்ல பேசுங்களேன்" என்றது ஒரு பெண் குரல். அந்த அம்மாளேதான்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நான் இத்தாவுல இருக்கேன்ங்க. அவுக மௌத்தாகி நாலு மாசம் பத்து நாளைக்கு வாசப்படி தாண்டக்கூடாது. இன்னும் நாப்பது நாளு கெடக்கு. வீடியோவுல ஒரு ஆம்பள மூஞ்சியக் காட்டச் சொல்றாரு. எப்புடிங்க காட்டுறது? பொம்பள ஆளு யாராச்சும் வூட்டுக்கு வந்தா எல்லாத்தையும் எடுத்து வெக்கிறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு எங்கள் படிவத்தைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான முறை பார்த்த படிவம். சான்று தரத் தகுதியானவர்கள் பட்டியலில் முதல் வரி என்ன தெரியுமா? 'எங்கள் ஊழியர் எவரேனும் நேரில் பார்த்தால் போதும்.' வாடிக்கையாளர் எல்லோரும் கண்காணாத தேசத்தில் இருப்பவர்கள் என்பதால் அந்த வரியை நான் தாண்டிப் போயே பழகியிருந்தேன். அந்த ஊழியர் நானாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. மேனேஜரைக் கேட்டேன். "தாராளமா போங்க. அவ்வளவு பக்கத்துலயா இருக்கீங்க?" என்றார்.

மறுநாள் பஸ் கிடைத்தும் நிம்மதி இல்லை. மக்காச்சோளம் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. கண்டக்டரிடம் இரண்டு முறை "எப்பண்ணே போவும்?" என்று கேட்டு முறைப்பு வாங்கிக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது ஊரில் ஆண்கள் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் உள்ளறையில் வெள்ளைச் சேலையில் அமர்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் ஒரு ஃபைல், பாஸ்போர்ட், கணவர் இருக்கும்போதே, பின்னால் டைரக்டராகச் சம்மதம் என்று இவர் கையெழுத்துப் போட்டிருந்த கடிதம். எல்லாம் வரிசையாக இருந்தன. நான் பேனாவை எடுத்தேன். அவர் ஃபைலின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனக்காதீங்க. நீங்க அந்த ஆபீஸுதான்னு எனக்கு எப்புடித் தெரியும்? ஆளப் பாக்காம ஒத்த காயிதத்தையும் குடுக்காதன்னு அவுக சொல்லிட்டுப் போயிருக்காக. அட்டை எதாச்சும் இருக்கா?"

அலுவலக அட்டையா? வீட்டிலிருந்து வேலை செய்பவளுக்கு யார் அட்டை தந்தார்கள்? ஆதாரை நீட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தார்.

"ஆண்டிமடம்னு போட்ருக்கே?"

"அது எங்க அம்மா வீடு அக்கா. கல்யாணமாகி பெரம்பலூர் வந்துட்டேன். இன்னும் மாத்தல."

சொன்னபோதே எனக்கு உடம்பு கூசியது. முகவரி பொருந்தவில்லை என்று எத்தனை பேருடைய ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் போனில் அலுவலக மெயிலைத் திறந்து, நான் அனுப்பிய மூன்று மெயில்களையும் காட்டினேன். அவர் தன் போனை எடுத்தார். தம்பி அதே மூன்றையும் அவருக்கு அனுப்பியிருந்தார். இரண்டு போனையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். தேதி, நேரம், அடியில் என் பெயர். மூன்றாவது மெயிலில் 'உங்கள் அலட்சியத்தால்' என்ற பொருளில் நான் எழுதிய வரியில் அவர் விரல் சற்று நின்றது. பக்கத்தில் இருந்த எனக்குப் பூமி பிளந்துவிடக் கூடாதா என்றிருந்தது.

"சரிதான், நீங்கதான்" என்றார். பிறகு நிமிர்ந்து, "பெரம்பலூரா? இம்புட்டு நாளா பெரம்பலூர்ல இருந்தா இத எழுதுனீங்க?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "ஆமாக்கா. தப்புதான்" என்றேன்.

ஃபைலை என் பக்கம் தள்ளினார். அசலைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன், ஒவ்வொரு நகலிலும் 'நேரில் கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வீட்டுக்குள் சிக்னல் வரவில்லை. மாடிக்கு ஓடிப்போய், வெயிலில் போனைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பக்கமாக அனுப்பினேன். கீழே இறங்கினால் எனக்காகச் சோறு எடுத்து வைத்திருந்தார்கள். தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நமக்குச் சாயங்காலம் ஆகும்போதுதான் தீவில் பொழுது விடிந்து அலுவலகம் திறப்பார்கள். வீடு திரும்பி, சமையலறைக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஏழு மணி வாக்கில் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. போன் செய்து சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், "படகுல நம்ம ஊரு ஆளுங்க ஆறு பேரு சம்பளத்துக்கு டைரக்டர் கையெழுத்து வேணும்னுதான் காத்துக் கெடக்காங்க. மொதல்ல அவுங்களுக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். ஆறு பேர் இருப்பது என் ஃபைலில் எங்குமே இல்லை.

ஆதாரில் முகவரியை அடுத்த வாரமே மாற்றிவிட்டேன். இப்போது முதல் மெயிலிலேயே என் ஊரை எழுதிவிடுகிறேன். அப்படியும் ஒரு ஃபைல் சிவப்பில் நிற்கும்போது, இரண்டாவது மெயிலுக்குக் கை போகும்போது, இரண்டு போன்களை மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்கா "பெரம்பலூரா?" என்று கேட்டது காதில் விழுகிறது, மெயிலை விட்டுவிட்டுப் போனை எடுக்கிறேன்.