அலமாரியை அடுக்கிவிட்டு வந்த நெட்டை

நான் பார்த்துக்கொள்ளும் நோயாளியின் வீட்டு மாடியில் குடியிருந்தவள் நெட்டை. நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம் என்பதால் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பார்மசி படிப்பில் கடைசி வருடம். பயிற்சிக்கு ஒரு மருந்துக் கடை சேர்த்துக்கொள்ளாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் வீண்.

தெரிந்த மருந்துக் கடைகளுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினாள். ஒரு பதிலும் இல்லை. பிறகு நேரில் போனாள், அதுவும் மாலையில், கவுன்டரில் கூட்டம் நெருக்கித் தள்ளும் நேரத்தில். "அப்புறம் வாம்மா" என்றே எல்லோரும் அனுப்பினார்கள். மதியம், கடை ஈ ஓட்டும் வேளையில் போகத் தெரிந்த பிறகுதான் ஒருவர் முகம் கொடுத்துப் பேசினார். நான் மருந்து வாங்கும் கடையின் பார்மசிஸ்ட் அவர். கறாரான பெண்மணி.

"மேல் தட்டு எட்டுமா?"

"எட்டும் மேடம்."

"அப்போ ஏணி செலவு மிச்சம். மூணு நாள் வந்து பாரு. சரிப்பட்டா உன்னைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கிட்டதா காலேஜ் பேப்பர்ல கையெழுத்து போடறேன். இல்லேன்னா நடையைக் கட்டு."

மூன்றாம் நாள் பார்மசிஸ்ட் சாப்பிடப் போன நேரத்தில் நெட்டை அலமாரியைத் துடைத்து, மருந்துகளை எழுத்து வரிசைப்படி அடுக்கிவைத்தாள். திரும்பி வந்தவர், "பரவாயில்லையே, லட்சணமா இருக்கு. நாளைக்குப் பேப்பரைக் கொண்டு வா" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மாவிடம் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு சர்க்கரை மாத்திரைக்கும் ஒரு ரத்த அழுத்த மாத்திரைக்கும் ஒரே கம்பெனி, ஒரே நீலக்கோடு போட்ட டப்பா, பெயரும் முக்கால்வாசி ஒன்று. அவசரத்தில் கை மாறிவிடக் கூடாது என்று ஒன்றை மேல் தட்டிலும் மற்றதை அடித்தட்டிலும் வைத்திருந்தார்கள். இவள் அதை யாரோ கவனமில்லாமல் வைத்ததாக நினைத்து, இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டாள்.

"அம்மா, நான் திரும்பக் கடைக்குப் போகணும்."

"கிறுக்கா உனக்கு? கைக்கு வந்ததைத் தட்டி விடாதடி. நாளைக்குப் போய் சத்தமில்லாம மாத்தி வெச்சுடு."

"அதுக்குள்ள யாராவது முழுங்கிட்டா?"

நான் அப்போது மருந்து வாங்கக் கடைக் கவுன்டர் முன்னால் கூட்டத்தோடு நின்றிருந்தேன். மூச்சிரைக்க வந்தவள் எங்கள் தலைக்கு மேலாகவே கத்தினாள்.

"மேடம், அந்த நீலக்கோட்டு டப்பாவைத் தொடாதீங்க! ரெண்டையும் பக்கத்துல வெச்சுட்டேன்!"

"அடிப்பாவி!" பார்மசிஸ்ட் விற்பனையை நிறுத்தினார். பில்லைப் பார்த்து, அவற்றை வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் போன் போட்டார். ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் மற்றது போயிருந்தது. நல்லவேளை, இன்னும் பிரிக்கவில்லை. நெட்டையே ஓடிப்போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என் கையெழுத்து போச்சா மேடம்?"

"வெச்சது நீ. பேரைப் படிக்காம எடுத்துக் கொடுத்தது யாரு? பழக்கத்துல கை போகுது, கண்ணு போகலை. உன்னை அனுப்பிட்டா நான் எடுக்கறதை யாரு சரிபார்ப்பா? அலமாரிப் பக்கம் மட்டும் போயிடாதே தாயே."

மறுநாள் கையெழுத்து போட்டார். முதல் மாதம் முழுக்க நெட்டை கவுன்டரில் நின்று, ஒவ்வொரு அட்டையின் பெயரையும் வாய்விட்டுப் படித்த பிறகே பையில் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நேரம் ஆகத்தான் செய்தது. ஆகட்டும்.