தெர்மோகோல் மலை

சிப்பாய் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்காக, என் மகள் தெர்மோகோலில் மலை செய்துகொண்டிருந்தாள். பச்சை எனாமல் டப்பாவை அவள் திறந்ததும் அந்த வாடை என்னை ஓசூர் வாடகை வீட்டுக்கு இழுத்துப் போனது.

அங்கே நானும் தங்கையும் தாயக்கட்டை உருட்டிச் சிப்பாய்களை மோதவிடுவோம். நடுவில், தெர்மோகோலில் நாங்களே செதுக்கிய சூளகிரி மலை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஒரு கம்பெனியில் பெயிண்டர். லாக்கவுட் ஆகி மாதக்கணக்கான பிறகும் தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட்வரை போய் வருவார். ஒருநாள், கம்பெனியை ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்ற சேதியோடு திரும்பினார். சட்டையைக்கூடக் கழற்றாமல், "மலைக்கு நான் கலர் அடிச்சுத் தரேன், கொண்டாங்க" என்றார்.

இரும்புக்கு மட்டுமே அடித்துப் பழகிய கை. எனாமல் பட்ட இடமெல்லாம் தெர்மோகோல் உருகிக் குழி விழுந்தது. குழியை மூட இன்னும் அடித்தார். குழி பெரிதானது.

"போதுங்க, உடுங்க" என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு கோட்டு அடிச்சா சரியாயிடும் புள்ள" என்று உதறினார். மலை முழுக்கக் கரைந்த பிறகும், அது நின்ற வெறும் பலகைமேல் அவருடைய பிரஷ் ஓடிக்கொண்டே இருந்தது.

"அம்மா, அடிக்கட்டுமா?" என்றாள் என் மகள்.

டப்பாவைப் பிடுங்கி மூடினேன். மூடியை அழுத்திய கையை என்னால் எடுக்க முடியவில்லை.