சிரமதானத்துக்கு யார் பில் போடுவது? யட்டவத்தைப் பக்கம் ஒரு பவுசருக்காகப் போன கதை

கண்டியில் ஒரு காப்புறுதித் தரகரிடம் பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். வாரக் கடைசியில் பஸ் ஏறி ஊர் சுற்றி, வந்து இங்கே எழுதுவதுதான் எனக்கு மூச்சு. இந்தத் தடவை நான் போனது நீர்வீழ்ச்சி பார்க்க இல்லை. பிரதேச சபை மெம்பராக இருக்கும் என் பள்ளித் தோழி செல்வராணி, மாசி தொடங்கிய கையோடு போன் எடுத்து, "ஒரு நாள் லீவு போட்டுட்டு வாடி, இல்லேன்னா எங்க சனம் தண்ணிக்கு நாயா அலையும்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். முன்பு ஒரு தேர்தலில் தோற்றபோது கூட அழாதவள் அவள். அடுத்த நாளே லீவு எழுதிக் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன், ரப்பர் பாலை உறைய வைக்கிற அசிட் பீப்பாய்களை ஏற்றிப் போன லொறி ஒன்று அவளுடைய வட்டாரத்து வளைவில் கவிழ்ந்தது. உடைந்த பீப்பாய்களிலிருந்து அசிட் வீதியோர வடிகால் கானுக்குள் இறங்கியது. அந்தக் கான் போய்ச் சேர்வது கீழே உள்ள சனம் குடிக்கிற ஓடையில். சபை ஆட்களும் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் ஆட்களும் ஓடிவந்து மண் மூட்டை அடுக்கிக் கானை மறித்து, சுண்ணாம்பைக் கொட்டி, தேங்கிய தண்ணீரை சபையின் தண்ணீர் பவுசருக்குள் உறிஞ்சி எடுத்தார்கள். ஓடை தப்பியது, பவுசர் தப்பவில்லை. டேங்கின் உட்புறத்தையும் பம்பையும் அசிட் தின்றுவிட்டது. கோடையில் மேல் லயங்களுக்குத் தண்ணீர் ஏற்றிப் போக சபையிடம் இருந்தது அந்த ஒரே பவுசர்தான்.

லொறிக்குக் காப்புறுதி இருக்கிறது, கேட்டால் செலவு கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் எங்கள் மகராசி என்ன செய்தாள் தெரியுமா? மறுநாளே சந்தியில் ஒரு பெரிய பேனர் கட்டினாள். "மாபெரும் சிரமதானம்! பங்களித்த அனைவருக்கும் நன்றி!" பக்கத்தில் கைகூப்பிய அவள் படம். பேஸ்புக்கிலும் போட்டாள். நல்லது நடந்தால் பேனர் கட்டாத மெம்பர் நம் நாட்டில் உண்டா? காப்புறுதிக் கம்பெனிக்காக இழப்பைக் கணக்கிட வந்த அசெஸர் அந்தப் படத்தையே அச்செடுத்துக் கொண்டு, "தானமாகச் செய்ததற்கு நட்டஈடா?" என்று கேட்டிருக்கிறார். நான் லீவு போட்ட அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கடைசிப் பேச்சு.

காலை ஆறரைக்குக் கண்டியில் பஸ் ஏறினேன். மாத்தளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அக்குறணை நெரிசலில் நின்றால் நின்றதுதான். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு ரூபாய் கொடுத்தால் மிச்சம் வரும், கேட்டு வாங்குங்கள்.

மாத்தளையில் அம்மன் கோயில் கோபுரத்தடியில் செல்வராணி காத்திருந்தாள். அவளை அங்கேயே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, இருவருமாக சலீம் ஹாஜியாரின் சுண்ணாம்புக் கடைக்குப் போனோம். அன்று செய்தி கேட்டதும் ஒரு லொறி சுண்ணாம்பை ஏற்றி அனுப்பியவர் இவர்தான். பிளேன்டீ வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு அனுப்பின சுண்ணாம்புக்கு ஒரு பில் தாங்க ஹாஜியார், இன்சூரன்ஸுக்குக் காட்ட."

"பில்லா? அது சதக்கா, மகள். அல்லாஹ்வுக்காகக் குடுத்ததுக்கு விலை போட்டு எழுதச் சொல்றீங்களா? ஏலாது."

"காசு உங்களுக்கு இல்ல, சபைக்குத்தான்."

"ஏலாதுன்டா ஏலாது. டீயக் குடிங்க, ஆறிப்போகுது."

குடித்தோம். வெளியே வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. நல்லவர்களோடு மல்லுக்கட்டுவதைப் போல ஒரு தலைவலி உலகத்தில் இல்லை. "அந்த மனுஷன் மேல பாயாதடி, அவர் இல்லேன்னா ஓடையே போயிருக்கும்" என்றாள் செல்வராணி. அதுவும் உண்மைதான்.

யட்டவத்தைக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து உள்ளே போக ஓட்டோதான், அறுநூறு ரூபாய். ஓட்டோக்காரத் தம்பி வளைவில் தானாகவே நிறுத்தினார். "இங்கதான் அக்கா. பாருங்க, இன்னும் வெள்ளையா இருக்கு. அன்னைக்கு ரெண்டு நாளைக்கு என் தொண்டை எரிஞ்சிச்சு." கானோரம் புல் கருகிக் கிடந்தது. கொஞ்சம் கீழே ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

சபைக் கட்டிடத்தின் வாசலில் மேல் லயத்துப் பெண்கள் சிலர் காலி வாளிகளோடு நின்றார்கள். யாரும் அழைக்கவில்லையாம், தாங்களாகவே வந்திருந்தார்கள். அவர்களில் லெட்சுமி என்பவர் மட்டும் எங்களோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றுகொண்டார். மேசைக்கு ஒரு பக்கம் அசெஸர், கண்டிக்காரத் தமிழர். அவர் பக்கத்தில் லொறி முதலாளி, வாயே திறக்காத மனிதர்.

நான் பவுசர் திருத்தும் மதிப்பீட்டை எடுத்து வைத்தேன். டேங்கின் உட்புறத்துக்கும் பம்புக்கும் சேர்த்துப் பதினொரு லட்சம். அசெஸர் அச்செடுத்த பேனர் படத்தை அதன் மேல் வைத்தார். "சிரமதானம்னு நீங்களே போட்டிருக்கீங்களே மிஸ். அதோட, குடிதண்ணி டேங்குக்குள்ள அசிட் தண்ணிய ஏத்தச் சொல்லி நாங்களா சொன்னோம்?"

செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயெடுப்பதற்குள் லெட்சுமி பேசிவிட்டார். "அப்ப ஓடையில விட்டிருக்கணுங்களா ஐயா? கீழ எத்தன புள்ளைங்க அந்தத் தண்ணிய குடிக்குது!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றேன். "ஓடையில போயிருந்தா இன்னைக்கு இங்க வெறும் பதினொரு லட்சத்தப் பத்தியா பேசிக்கிட்டு இருப்போம்? உங்க நட்டத்தத்தான் இந்தச் சனம் குறைச்சிருக்கு."

அசெஸர் பேனாவை உருட்டினார். பவுசரைப் பற்றி யோசிக்கலாமாம். ஆனால் சிரமதானம் என்ற சொல்லை மேலிடம் விடாதாம். நான் மதிப்பீட்டை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினேன். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தொப்பியோடு வந்து நின்றார் சலீம் ஹாஜியார்!

"நீங்க போன பொறகு எனக்குச் சோறு எறங்கல்ல, மகள். ளுஹர் தொழுதுட்டு அப்படியே வாறன்." அசெஸர் பக்கம் திரும்பினார். "தம்பி, நான் குடுத்த சதக்கா இந்தச் சனத்துக்கு. ஒங்கட இன்சூரன்ஸ் கொம்பனிக்கு நான் சதக்கா குடுக்கல்ல. அவங்களுக்கு என்ன கொறச்சல்?"

சுவரோரம் நின்ற லெட்சுமி குலுங்கிச் சிரித்தார். அசெஸரும் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"குடுத்த நிமிஷத்தோட அது சபை சாமான். அதைக் கொட்ட வச்சது ஒங்கட லொறி. சபை கேக்கிறது நியாயம்தானே? அன்னைக்கு என்ன விலைன்டு நான் எழுதித் தாறன். காசு என்ட கைக்கு வரக்கூடாது, அவ்வளவுதான்."

இதைத்தான் பன்னிரண்டு வருஷ அனுபவத்தோடு நான் சொல்லத் தெரியாமல் தடுமாறிக் கொண்டிருந்தேன். சனம் செய்த தானம் சனத்துக்கு. அசிட்டைக் கொட்டியவனின் பொறுப்பு அதனால் கரைந்துபோகாது. அதுவரை பேசாமல் இருந்த லொறி முதலாளி சிங்களத்தில், "கொடுத்துவிடுங்கள் மாத்தயா, இதற்குத்தானே வருஷா வருஷம் கட்டுகிறேன்" என்றார். பவுசர், டீசல், மண் மூட்டை, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் அசெஸர் சிபாரிசு எழுதி அங்கேயே ஒப்பம் வைத்தார். அன்று கைவேலை செய்தவர்களுக்கும் கூலி போடலாமா என்று லெட்சுமியைக் கேட்டேன். "எங்க தண்ணிக்கு நாங்க செஞ்சோம். அதுக்கு எவன் காசும் வேணாம். பவுசர மட்டும் ஓட வைங்க" என்றார். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

இதே மாதிரி அலைய நேரும் சபைக்காரர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஆபத்தான சரக்கு கொட்டினால் முதலில் தீயணைப்பு, பொலிஸ், சுற்றாடல் அதிகாரிகளைக் கூப்பிடுங்கள். வெறுங்கையோடு யாரையும் கிட்டே விடாதீர்கள். போன டீசல், பழுதான சாமான், வந்த வாகனம் எல்லாவற்றையும் அன்றே படம் எடுங்கள். பேனர் கட்டாமல் இருக்கவே முடியாதென்றால், காசு வந்த பிறகு கட்டுங்கள். கண்டிக்குத் திரும்புகிறவர்கள் பின்னேரம் நான்கு மணிக்குள் யட்டவத்தையை விடுவது நல்லது, பிறகு மாத்தளை பஸ்ஸுக்கு நிற்க வேண்டிவரும். என் செலவு, போகவர ஓட்டோவும் சாப்பாடும் சேர்த்து, இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

பங்குனியில் ஒரு காலை செல்வராணி போன் எடுத்தாள். எடுத்த கையோடு போனை எங்கோ நீட்டிப் பிடித்தாள். வாளிகள் இடிபடுகிற சத்தம். "ஏய், என் வாளிய ஏண்டி தள்ளுற! நாந்தான் மொதல்ல வந்தேன்!" அது லெட்சுமியின் குரல். அதற்குப் பின்னால், பவுசர் பம்பின் இரைச்சலும் தகர வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தமும்.

"சண்டை போடுறாங்கடி," என்றாள் செல்வராணி.